கீமோ பில்லுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு, அதுக்கப்புறம் வர்ற நரம்பு பில்லுக்கு?



ஹெல்த் இன்ஷூரன்ஸ் பத்தி வீடியோ போட்டா வழக்கமா வர்ற கேள்வி ரெண்டுதான். எந்த கம்பெனி நல்லது? பிரீமியம் எவ்வளவு? நாமக்கல்லிலிருந்து ஒரு நேயர் அனுப்பின கேள்வி வேற மாதிரி இருந்துச்சு.

"அண்ணா, என் பொண்ணுக்கு ரத்தப் புற்றுநோய்க்கு கீமோ நடக்குது. மருந்தோட பக்கவிளைவால கால் நரம்பு பாதிச்சிருக்குன்னு டாக்டர் சொல்றாங்க. நடக்கும்போது பாதம் தொங்குது. கீமோ பில்லை இன்ஷூரன்ஸ் கொடுத்துட்டாங்க. பிசியோதெரபி பில்லைத் திருப்பி அனுப்பிட்டாங்க. இதை 80டிடிபி-ல காட்டி டேக்ஸ் குறைக்கலாமா?"

நேரடி பதில்: சரியான சீட்டு இருந்தா காட்டலாம். ஆனா அதுல மிச்சமாகிற பணம் ரொம்பக் கம்மி. அதைவிடப் பெரிய தொகையைக் காப்பாத்துற வழிகள் வேற இருக்கு. அதுக்கு, இந்த நரம்பு பாதிப்பு என்ன, எப்போ வருது, எவ்வளவு நாள் நிக்குதுன்னு முதல்ல தெரியணும். "எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல"ன்னு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. உங்க அக்கா குழந்தைக்கோ, ஆபீஸ் நண்பர் குழந்தைக்கோ இப்படி ஒரு நிலைமை வந்தா, ஃபார்ம் நிரப்பப் போறது பெரும்பாலும் நீங்கதான்.

சுடுகாட்டுப் பூவிலிருந்து வந்த மருந்து

நம்ம சேலம், நாமக்கல் பக்கம் வீட்டு வாசல்லயும் சாலையோரத்துலயும் தண்ணி ஊத்தாமலே பூத்து நிக்குமே, நித்தியகல்யாணி. சில ஊர்ல சுடுகாட்டு மல்லின்னும் சொல்வாங்க. அதன் இலையில இருக்கிற வேதிப்பொருள்கள்ல ஒண்ணுதான் வின்கிரிஸ்டின். 1958-ல கனடாவைச் சேர்ந்த ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் ரெண்டு பேரும் இதே செடியிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற மருந்தைப் பிரிச்சு எடுத்தாங்க. அடுத்து வந்தது வின்கிரிஸ்டின். 1963-ல அமெரிக்காவில் அனுமதி கிடைச்சது.

குழந்தைகளுக்கு வர்ற புற்றுநோய்ல அதிகம் வர்றது அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கீமியா, சுருக்கமா ஏஎல்எல். இந்த நோய்க்கான சிகிச்சைல வின்கிரிஸ்டின் இல்லாத திட்டம் கிடையாதுன்னே சொல்லலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல ஆரம்பிச்ச சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம், டெல்லி எய்ம்ஸ், மும்பை டாடா மெமோரியல் மூணும் 1980-களின் நடுவுல எம்சிபி 841-னு ஒரு பொதுவான சிகிச்சை முறையைக் கொண்டு வந்தாங்க. டாக்டர் வி. சாந்தா அடையாறை வழிநடத்தின காலம் அது. அந்த முறையிலும் வின்கிரிஸ்டின் இருந்தது. ஒரு காலத்துல பெரும்பாலான குழந்தைகளைப் பறிகொடுத்த நோய் இது. இன்னிக்கு வளர்ந்த நாடுகள்ல சுமார் 90 சதவீதக் குழந்தைகள் பிழைக்கிறாங்க.

மருந்தும் விலை கூடினது இல்லை. அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியல்ல இருக்கு, விலைக் கட்டுப்பாட்டுக்குள்ள வருது. செலவு வர்றது மருந்துல இல்லை, அதோட பக்கவிளைவுல.

நரம்புக்குள்ள என்ன ஆகுது?

வின்கிரிஸ்டின் செல்லுக்குள்ள இருக்கிற நுண்குழாய்களைக் கலைக்குது. அது இல்லாம புற்றுநோய் செல் ரெண்டாப் பிரிய முடியாது. அதனால சாகுது. ஆனா நரம்பு செல்லுக்கும் அதே நுண்குழாய் தேவை. முதுகுத்தண்டு பக்கத்திலிருந்து கால் விரல் நுனி வரைக்கும் சரக்கு போற ரோடு மாதிரி அது. ரோடு கெட்டா, ரொம்ப தூரத்துல இருக்கிற ஊருக்குத்தான் முதல்ல சரக்கு நிக்கும். அதனாலதான் நீளமான நரம்பு முடியற இடமான பாதத்துலயும், அடுத்து கை விரல்லயும் பாதிப்பு முதல்ல தெரியுது.

இந்த மருந்து எடுத்துக்கிற குழந்தைகள்ல பெரும்பாலானவங்களுக்கு ஏதோ ஒரு அளவுல இது வருது. பலருக்கு லேசா வந்து, மருந்து நின்ன சில மாதங்கள்ல சரியாகும். சிலருக்கு வருஷக்கணக்குல நீடிக்கும். பரம்பரையா நரம்பு நோய் இருக்கிற குடும்பத்துக் குழந்தைக்கு பாதிப்பு கடுமையா வரலாம். அப்படி யாராவது இருந்தா முதல் நாளே டாக்டர்கிட்ட சொல்லணும். இட்ராகோனசோல், வோரிகோனசோல் மாதிரி சில பூஞ்சைக்காளான் மருந்துகளும் இதோட சேர்ந்தா பாதிப்பைக் கூட்டும். வேற டாக்டர் எழுதின மருந்து எதுவா இருந்தாலும் புற்றுநோய் டாக்டருக்குத் தெரியணும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

குழந்தை "எனக்கு மரத்துப் போகுது"ன்னு சொல்லாது. சொல்லத் தெரியாது. நாமதான் பார்க்கணும்.

• செருப்பு காலை விட்டுக் கழண்டு விழுந்தும் தெரியாம நடக்குது.
• சமதரையில தடுக்கி விழுது. படி ஏற கைப்பிடியைத் தேடுது.
• குதிகாலால நடக்கச் சொன்னா முடியல.
• பட்டன் போட, பென்சில் பிடிக்க, தட்டுல பிசைஞ்சு சாப்பிட சிரமப்படுது.
• ஊசி போட்ட சில நாள்ல தாடை வலிக்குதுன்னு சாப்பிட மாட்டேங்குது.
• கடுமையான மலச்சிக்கல், வயிறு உப்பசம். இதுவும் நரம்பு பாதிப்புதான்.
• கண் இமை தொங்குது, குரல் கம்முது.

இதுல எதைப் பார்த்தாலும் உடனே கீமோ கொடுக்கிற டாக்டர்கிட்ட சொல்லுங்க. அளவைக் குறைக்கணுமா, இடைவெளி விடணுமான்னு அவர்தான் முடிவு பண்ணுவார். நீங்களா ஊசியைத் தவிர்க்கவே கூடாது. கால் பயத்துல மருந்தை நிறுத்தினா நோய் திரும்பி வரலாம், அந்த ஆபத்து இதைவிட ரொம்பப் பெருசு.

ஃபைனான்ஸ் சைட்ல ஏன் இவ்வளவு மருத்துவம்? ஏன்னா, நீங்க சீக்கிரம் சொன்னாத்தான் அது மருத்துவக் குறிப்புல ஏறும். குறிப்புல ஏறினாத்தான் பின்னாடி க்ளெய்ம் பண்ண முடியும்.

ஒரு வருஷக் கணக்கு போட்டுப் பார்ப்போம்

இது உதாரணக் கணக்கு. உங்க ஊர் ரேட்டைப் போட்டு நீங்களே மாத்திக்கங்க. ராசிபுரம் பக்கத்துல ஒரு குடும்பம்னு வெச்சுக்கங்க. வாரம் 2 பிசியோதெரபி, வருஷத்துக்கு 104 முறை.

• பிசியோதெரபி, ஒரு முறைக்கு 400 ரூபாய்: 41,600
• போக வர பஸ், ஆட்டோ, ஒரு முறைக்கு 150 ரூபாய்: 15,600
• பாதம் தொங்காம பிடிக்கிற ஏஎஃப்ஓ ஸ்ப்ளின்ட், வருஷத்துக்கு 2 தடவை, தலா 5,000: 10,000
• கூட்டிட்டுப் போறவருக்கு அரை நாள் வேலை போச்சு. மொத்தம் 52 நாள், நாளுக்கு 800 ரூபாய்: 41,600

மொத்தம் 1,08,800 ரூபாய்.

ஸ்ப்ளின்ட் ஏன் 2 தடவை? குழந்தை வளருது, பாதமும் வளருது. பெரியவங்களுக்கு மாதிரி ஒண்ணு வாங்கி வருஷக்கணக்குல ஓட்ட முடியாது.

கடைசி வரியைக் கவனிங்க. வெள்ளிக் கொலுசுப் பட்டறையிலோ, விசைத்தறியிலோ, ஜவ்வரிசி ஆலையிலோ வேலை செய்றவருக்கு சம்பளத்தோட லீவு கிடையாது. அந்த 41,600-க்கு எந்தப் பாலிசியும் பில் கேட்டுப் பணம் கொடுக்காது. ஏஎல்எல் சிகிச்சை சாதாரணமா 2 வருஷத்துக்கு மேல ஓடும். அதுல சேலத்திலிருந்து அடையாறுக்கு சுமார் 340 கிலோமீட்டர், வேலூருக்கு சுமார் 200, கோவைக்கு சுமார் 165. வழக்கமான கீமோ பயணத்துக்கே கை காலியான குடும்பத்துக்கு மேலதான் இந்த 1 லட்சம் வந்து உட்காருது.

இன்ஷூரன்ஸ் எது வரைக்கும் வரும்?

1. கீமோதெரபி: ஒரு நாள்ல முடிஞ்சாலும் டே-கேர் சிகிச்சையா பாலிசிக்குள்ள வரும். வாய்வழி கீமோவும் இப்போ பாலிசிகள்ல சேர்ந்திருக்கு, சிலதுல அதுக்குத் தனி உச்சவரம்பு இருக்கும்.

2. பிசியோதெரபி: தனியா போய்ட்டு வந்தா அது ஓபிடி. சாதாரண பாலிசி ஓபிடி-க்குப் பணம் தராது. ஆனா 'போஸ்ட் ஹாஸ்பிடலைசேஷன்'னு ஒரு பிரிவு இருக்கும். அட்மிஷன் முடிஞ்சு 60 நாள், சில பாலிசிகள்ல 90 அல்லது 180 நாள் வரைக்கும், அதே நோய் தொடர்பான செலவைத் தருவாங்க. பிசியோதெரபி அதுல வருமான்னு உங்க பாலிசி வாசகத்தைப் படிச்சுப் பாருங்க.

பலர் கோட்டை விடற இடம் இது. கீமோ ஒரே அட்மிஷன் இல்லை. ஒவ்வொரு டே-கேர் அட்மிஷனும் க்ளெய்ம் ஆனா, அந்த தேதியிலிருந்து 60 நாள் புதுசா ஆரம்பிக்கும். அதனால முதல் டிஸ்சார்ஜ் தேதியை வெச்சு "60 நாள் முடிஞ்சு போச்சே"ன்னு விட்டுடாதீங்க. கடைசியா க்ளெய்ம் ஆன அட்மிஷன் தேதியிலிருந்து எண்ணுங்க. ஊசியை ஓபிடி-லயே போட்டு அனுப்பியிருந்தா இந்தக் கணக்கு ஓடாது. டே-கேர் அட்மிஷனா, ஓபிடி-யான்னு ஆஸ்பத்திரி பில்லிங்ல கேட்டுத் தெரிஞ்சுக்கங்க.

3. ஸ்ப்ளின்ட், பிரேஸ், வாக்கர்: இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வெளியிட்ட 'பணம் தர வேண்டியதில்லை' பட்டியல்ல இவை இருக்கு. பாலிசியில தனியா சேர்த்திருந்தா ஒழிய கிடைக்காது. ஆபீஸ் குரூப் பாலிசியில இந்தச் சலுகையைச் சேர்க்க முடியுமான்னு ரினியூவல் சமயத்துல எச்ஆர்-கிட்ட கேக்கலாம்.

4. பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி: "ஊனம் வந்தா பணம்"னு போட்டிருக்கும். விபத்தால வந்தாத்தான். மருந்தால வந்த பாதிப்புக்குக் கிடைக்காது.

டிஸ்சார்ஜ் சம்மரில அந்த ஒரு வரி

மேல சொன்ன நேயருக்கு பில் ஏன் திரும்பி வந்துச்சு? அவர் அனுப்பின பில்லுல "பிசியோதெரபி"ன்னு மட்டும் இருந்தது. டிஸ்சார்ஜ் சம்மரில நரம்பு பாதிப்பைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. க்ளெய்ம் பார்க்கிறவருக்கு ரத்தப் புற்றுநோய்க்கும் கணுக்கால் பயிற்சிக்கும் என்ன சம்பந்தம்னு எப்படித் தெரியும்?

சம்மரில மூணு விஷயம் இருக்கணும்:

• காரணம்: வின்கிரிஸ்டின் மருந்தால ஏற்பட்ட புற நரம்பு பாதிப்பு.
• சிகிச்சை: பிசியோதெரபி வாரம் எத்தனை முறை, எத்தனை மாதம்.
• உபகரணம்: ஏஎஃப்ஓ ஸ்ப்ளின்ட், எந்தக் காலுக்கு.

இல்லாத பாதிப்பை எழுதச் சொல்லி யாரையும் கேட்காதீங்க. இருக்கிறதை விடாம எழுதச் சொல்றது உங்க உரிமை. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகு திருத்தம் வாங்க 340 கிலோமீட்டர் திரும்பப் போகணும். அதனால பேப்பரை வாங்கினதும் கவுண்டர்லயே நின்னு படிங்க.

பிசியோதெரபி பில்லுல குழந்தை பேர், தேதி, பிசியோதெரபிஸ்ட் பதிவு விவரம், கையெழுத்து இருக்கட்டும். 104 நாளுக்கும் சேர்த்து ஒரே துண்டுச்சீட்டுல எழுதி வாங்கினா நிக்காது.

க்ளெய்ம் நியாயமா இருந்தும் மறுத்தா முதல்ல கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்துல கொடுங்க. 30 நாள்ல பதில் வரலைன்னாலோ, பதில் திருப்தி இல்லைன்னாலோ சென்னையில இருக்கிற இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். 50 லட்சம் வரைக்குமான வழக்குகளை எடுத்துக்குவாங்க.

அரசு வழிகள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும். 2018-லிருந்து மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோட சேர்ந்து நடக்குது. மாசச் சம்பளம் வாங்கற உங்களுக்கு இது பொருந்தாம போகலாம். ஆனா ஊர்ல இருக்கிற சொந்தக்காரங்க பலருக்குப் பொருந்தும். கார்டு எடுத்திருக்காங்களான்னு கேளுங்க.

இஎஸ்ஐ: மாசச் சம்பளம் 21,000 வரைக்கும் இருந்தா நீங்களும் குடும்பமும் இதுக்குள்ள வருவீங்க. புற்றுநோய் மாதிரி பெரிய சிகிச்சையும் சேரும். "இஎஸ்ஐ பிடிக்கிறாங்க, ஒரு பிரயோஜனமும் இல்லை"ன்னு சொல்றவங்க பாதிப் பேர் கார்டையே எடுத்துப் பார்த்திருக்க மாட்டாங்க.

மக்களைத் தேடி மருத்துவம்: 2021 ஆகஸ்ட் 5-ல நம்ம பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்ச திட்டம். வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறதும் இதுல ஒரு பகுதி. உங்க வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க. வாரம் ரெண்டுல ஒண்ணு வீட்டுலயே நடந்தாலும் மேல போட்ட கணக்குல கிட்டத்தட்ட பாதி குறையும்.

அரசு மருத்துவமனைகள்: சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. நாமக்கல்லுக்கும் 2022-ல அரசு மருத்துவக் கல்லூரி வந்தாச்சு. கீமோ சென்னையிலயே நடக்கட்டும். தினப்படி பிசியோதெரபியைப் பக்கத்துல பார்த்துக்கலாமான்னு டாக்டர்கிட்ட ஒரு கடிதம் கேட்டு வாங்குங்க. 18 வயசு வரைக்குமான குழந்தைகளுக்கு மாவட்ட இடையீட்டு மையங்களும் இருக்கு.

ரயில் சலுகை: சிகிச்சைக்குப் போற புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர், ஏசி 3 டயர்ல முழுக் கட்டண விலக்கு. கூடப் போறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. ஆஸ்பத்திரி கொடுக்கிற சான்று வேணும்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை: பாதிப்பு நீடிச்சா மருத்துவக் குழு பார்த்து சதவீதம் கொடுக்கும். 40 சதவீதம் அல்லது அதுக்கு மேல இருந்தா பல சலுகைகள் திறக்கும். நிரந்தரமா, தற்காலிகமான்னு சான்றுலயே இருக்கும். குழந்தை சரியானா சந்தோஷமா விட்டுடுங்க. இதை அவமானமா நினைச்சு வாங்காம இருக்காதீங்க. கலெக்டர் ஆபீஸ்ல இருக்கிற மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல உபகரண உதவி பத்தியும் கேளுங்க. எழுத்து மெதுவான குழந்தைக்குத் தேர்வுல கூடுதல் நேரம் கேட்கவும் இந்தச் சான்று உதவும்.

இப்போ டேக்ஸுக்கு வருவோம்

80டிடிபி: குறிப்பிட்ட நோய்களுக்குச் செலவு பண்ணினா கழிவு. 60 வயசுக்குக் கீழ இருக்கிறவருக்கான சிகிச்சைன்னா அதிகபட்சம் 40,000. இன்ஷூரன்ஸ்ல வந்த தொகையைக் கழிச்சிடணும். இதுல 'நரம்பு நோய்கள்'னு ஒரு பட்டியல் இருக்கு. அதுல கீமோவால வர்ற நரம்பு பாதிப்பு கிடையாது. அந்தத் தலைப்புல காட்டினா நிக்காது. புற்றுநோய் தலைப்புலதான் காட்டணும். அதனால பிசியோதெரபி, ஸ்ப்ளின்ட் ரெண்டையும் புற்றுநோய் சிகிச்சையின் ஒரு பகுதியா ஆன்காலஜிஸ்ட் எழுதின சீட்டு இருக்கணும்.

கிடைக்கிறது எவ்வளவு? 20 சதவீத ஸ்லாப்ல இருந்தா 40,000-க்கு 8,320 ரூபாய் மிச்சம். அதுவும் பழைய வரி முறையில மட்டும். புதிய முறையில 2025-26 முதல் சம்பளக்காரருக்கு 12,75,000 வரைக்கும் வரியே இல்லை. உங்க சம்பளம் அதுக்குள்ள இருந்தா 80டிடிபி-க்காகப் பழைய முறைக்குப் போகாதீங்க. ரெண்டு முறையிலயும் கணக்கு போட்டுட்டு முடிவு பண்ணுங்க.

80டிடி: உங்களைச் சார்ந்த குழந்தைக்கு 40 சதவீதமோ அதுக்கு மேலயோ பாதிப்புன்னு சான்று இருந்தா 75,000 கழிவு. 80 சதவீதமோ அதுக்கு மேலயோன்னா 1,25,000. எவ்வளவு செலவு பண்ணீங்கன்றது இங்க முக்கியமில்லை, முழுத் தொகையும் கிடைக்கும். இதுவும் பழைய முறையில மட்டும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டப்படி இந்தப் பிரிவு எண்கள் வேற. ஃபார்ம்ல எண்ணைப் பார்த்துக் குழம்பாதீங்க.

ரெண்டு முறையிலயும் கிடைக்கிற ஒண்ணு இருக்கு, யாரும் கேட்கிறதில்லை. உங்க குழந்தையின் புற்றுநோய் சிகிச்சைக்கு, வருமான வரித்துறை அங்கீகரிச்ச மருத்துவமனையிலோ அரசு மருத்துவமனையிலோ ஆன செலவை உங்க கம்பெனி கொடுத்தா, அது உங்க சம்பளத்துல சேராது, வரி கிடையாது. கம்பெனி வட்டியில்லாக் கடன் கொடுத்தாலும், இன்ஷூரன்ஸ் தராத பகுதிக்கு அந்த வட்டிச் சலுகை மேல வரி வராது. எச்ஆர்-கிட்ட கேக்கக் கூச்சப்படாதீங்க. கிரெடிட் கார்டு இஎம்ஐ-யைவிட இது எவ்வளவோ மேல்.

இபிஎஃப்-லிருந்தும் குடும்பத்துல புற்றுநோய் சிகிச்சைக்கு முன்பணம் எடுக்கலாம். அது கடன் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டாம். ஆனா உங்க ஓய்வுக்காலப் பணம். கம்பெனி, இன்ஷூரன்ஸ், அரசுத் திட்டம் எல்லாம் பார்த்துட்டுக் கடைசியா இதைத் தொடுங்க.

நண்பர்கள்கிட்ட பணம் திரட்டும்போது

வாட்ஸ்அப் குரூப்ல ஒரு க்யூஆர் கோடு போட்டா ஒரே நாள்ல 2, 3 லட்சம் சேர்ந்துடும். நல்ல மனசுதான். ஆனா சட்டப்படி, உறவினர் அல்லாதவங்ககிட்டயிருந்து ஒரு நிதியாண்டுல மொத்தம் 50,000-க்கு மேல வந்தா முழுத் தொகையும் வாங்கினவரோட வருமானம்.

யார் உறவினர்? அப்பா அம்மா, அண்ணன் தங்கை, அவங்க வாழ்க்கைத்துணை, அப்பா அம்மாவின் உடன்பிறந்தவங்க எல்லாம் உண்டு. ஆனா சித்தப்பா பையன், மாமா பொண்ணு, பங்காளி யாரும் சட்டத்தின் கண்ணுல உறவினர் இல்லை! நம்ம ஊர்ல சொன்னா சிரிப்பாங்க, ஆனா சட்டம் அப்படித்தான்.

வழி என்ன? முடிஞ்சவரை ஆஸ்பத்திரி கணக்குக்கே நேரா கட்டச் சொல்லுங்க. இல்லைன்னா வருமான வரிப் பதிவு பெற்ற அறக்கட்டளை மூலமா உதவி வரட்டும். அதுக்கு இந்த வரி கிடையாது. ரொக்கமா ஒருத்தர்கிட்டயிருந்து ஒரே நாள்ல 2 லட்சமோ அதுக்கு மேலயோ வாங்காதீங்க, அபராதம் உண்டு.

வேண்டாத செலவு

"நரம்பு பலப்படும்"னு டானிக், பவுடர், எண்ணெய்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க. கீமோவால வர்ற நரம்பு பாதிப்பை வராம தடுக்கும்னு நிரூபிக்கப்பட்ட மருந்தோ சத்து மாத்திரையோ இன்னும் இல்லை. அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கத்தின் 2020 வழிகாட்டுதலும் தடுப்புக்குன்னு எதையும் பரிந்துரைக்கல. வைட்டமின் பி6-ஐ அளவுக்கு மீறிச் சாப்பிட்டா அதுவே நரம்பைக் கெடுக்கும். மாசம் 2,000 ரூபாய் டானிக்குக்குப் போகுதுன்னா, அது 5 பிசியோதெரபி செஷன். வலிக்கு மருந்து வேணும்னா டாக்டர் எழுதட்டும்.

குழந்தைங்க நல்லா இருக்கும்போதே செய்ய வேண்டியது

1. குழந்தை பிறந்ததும் ஆபீஸ் குரூப் பாலிசியில பேரைச் சேருங்க. எச்ஆர் கொடுக்கிற கெடு தேதியைத் தவற விட்டா அடுத்த ரினியூவல் வரைக்கும் காத்திருக்கணும்.

2. ஆபீஸ் பாலிசியை மட்டும் நம்பாம சொந்தமா ஒரு ஃபேமிலி ஃப்ளோட்டர் எடுங்க. பல கம்பெனிகள் 91-வது நாளிலிருந்து குழந்தையைச் சேர்க்கும். நோய் வந்த பிறகு புதுப் பாலிசி கிடைக்கிறது குதிரைக் கொம்பு. 2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி கிடையாது. தள்ளிப்போட அந்தச் சாக்கும் போச்சு.

3. பாலிசி எடுக்கும்போது மூணு கேள்வி கேளுங்க. போஸ்ட் ஹாஸ்பிடலைசேஷன் எத்தனை நாள்? அதுல பிசியோதெரபி உண்டா? ஸ்ப்ளின்ட் மாதிரி உபகரணத்துக்குப் பணம் உண்டா? இந்த மூணையும் ஈமெயில்ல பதிலா வாங்கி வெச்சுக்கங்க.

4. சிகிச்சை நடக்கும்போது வேலை மாறணும்னா, பழைய கம்பெனி பாலிசியிலிருந்து அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாற வழி இருக்கான்னு ரிசைன் லெட்டர் கொடுக்கிறதுக்கு முன்னாடியே கேளுங்க.

5. எமர்ஜென்சி ஃபண்டுக்குப் பக்கத்துல 'பில் வராத செலவு'ன்னு தனியா ஒரு ஆர்டி போடுங்க. மாசம் 5,000 வீதம் 24 மாசத்துல 1,20,000, வட்டி தனி. மேல போட்ட வருஷக் கணக்குக்கு அது போதும். நல்லபடியா தேவையே வரலைன்னா குழந்தையோட ஸ்கூல் ஃபீஸுக்கு ஆகும்.

உங்களுக்குத் தெரிஞ்ச குடும்பத்துல யாருக்காவது குழந்தைக்குக் கீமோ நடக்குதுன்னா, இந்தக் கட்டுரையை ஃபார்வேர்ட் பண்றதோட நிறுத்தாதீங்க. ஒரு ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுக்குப் போங்க. டிஸ்சார்ஜ் சம்மரியையும் பாலிசி பேப்பரையும் எடுத்துவரச் சொல்லி, அந்த மூணு விஷயம் இருக்கான்னு கூட உட்கார்ந்து பாருங்க. அவங்களுக்கு இதையெல்லாம் படிக்க இப்போ நேரம் இருக்காது. நமக்கு இருக்கு.

குறிப்பு: மருந்து, அளவு, பயிற்சி எல்லாத்துக்கும் உங்க டாக்டர் சொல்றதுதான் முடிவு. வரி விஷயத்துல உங்க பேப்பரைப் பார்க்காம நான் உறுதி சொல்ல முடியாது, பக்கத்துல இருக்கிற ஆடிட்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க. ஹெல்த் பாலிசி வாசகத்தை எப்படிப் படிக்கிறதுன்னு அடுத்த வீடியோல வரிக்கு வரி பார்க்கலாம்.